அவுஸ்திரேலியப் பாடசாலைகளில் ஆங்கில உதவிப் பணம்: தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

புதிதாக வந்த குடும்பங்களுக்குப் பாடசாலைப் பதிவுப் படிவம் நிரப்ப உதவிக்குப் போகிறவர்களில் நானும் ஒருத்தி. மெல்பேர்ணின் டன்டினோங் பக்கமும் சரி, சிட்னியின் வென்ட்வேர்த்வில், பென்டில் ஹில் பக்கமும் சரி, பெற்றோர் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். அவற்றுக்கான பதில்களை இங்கே சேர்த்திருக்கிறேன். விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இதில் விக்ரோரியாவும் நியூ சவுத் வேல்ஸும் மட்டுமே விரிவாக வருகின்றன.

என் பிள்ளைக்கு ஆங்கிலம் தெரியாது. அரசாங்கம் ஏதாவது காசு தருமா?

தரும், ஆனால் உங்கள் கையில் தராது. பிள்ளை சேர்ந்திருக்கும் பாடசாலைக்கோ, அந்தப் பாடசாலையை நடத்தும் மாநிலக் கல்வித் திணைக்களத்துக்கோ போகும். அதிலிருந்து ஆங்கில உதவி ஆசிரியர், வகுப்பறை உதவியாளர், தீவிர ஆங்கிலப் பயிற்சி நிலையம் என்று பல வடிவில் பிள்ளைக்கு வந்து சேர வேண்டும். "வேண்டும்" என்ற சொல்லைத் தெரிந்தேதான் போட்டேன். ஏன் என்று கீழே வரும்.

இதைத் தருவது கன்பராவா, மாநில அரசா?

இரண்டும்தான். பழைய கதையிலிருந்து சொன்னால் விளங்கும். 1970-ல் மத்திய அரசு குடியேறியவர்களின் பிள்ளைகளுக்கென்று தனியான ஆங்கிலத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு, 1971-ல், குடிவரவுக் கல்விச் சட்டம் வந்தது. பின்னாளில், புதிதாக வந்து சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இவ்வளவு என்று தலைக்கணக்கில் மாநிலங்களுக்குப் பணம் கொடுக்கும் முறை இருந்தது. எத்தனை பிள்ளை வந்தது, எவ்வளவு காசு போனது என்று யாரும் விரல்விட்டு எண்ணலாம். 2009 தொடக்கம் அரச பாடசாலைகளுக்கான அந்தத் தனிப்பணம் பொதுக் கல்வி ஒப்பந்தத்துக்குள் கரைக்கப்பட்டது. அன்றிலிருந்து "ஆங்கிலத்துக்கென்று வந்த காசு எது?" என்று சுட்டிக் காட்டுவது கடினமாகிவிட்டது. என் கணக்கில் அது ஒரு பின்னடைவு.

இப்போது நடைமுறையில் இருப்பது 2013-ம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் கீழான முறை. பாடசாலை நிதி பற்றிய கொன்ஸ்கி அறிக்கை என்று செய்திகளில் கேட்டிருப்பீர்கள், அதன் வழி வந்தது. ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் அடிப்படைத் தொகை. 2024-ல் ஆரம்பப் பிரிவுக்கு 13,570 டொலர், இடைநிலைக்கு 17,053 டொலர். அதன்மேல் கூடுதல் தேவைகளுக்கு மேலதிகத் தொகைகள் சேரும். வலுக்குறைவு, பழங்குடிப் பின்னணி, குடும்பத்தின் சமூகப் பொருளாதார நிலை, பாடசாலை இருக்கும் இடம், அதன் அளவு, இவற்றோடு குறைந்த ஆங்கிலத் தேர்ச்சிக்கும் ஒன்று உண்டு. அது அடிப்படைத் தொகையின் 10 சதவீதம். ஆரம்பப் பிரிவுப் பிள்ளைக்கு 2024-ல் ஏறக்குறைய 1,357 டொலர்.

அப்படியானால் ஆங்கிலம் தெரியாத ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்த 10 சதவீதம் உண்டா?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் வாசிக்க நேரம் இருந்தால் இதை வாசியுங்கள்.

மத்திய அரசின் கணக்கு பிள்ளைக்கு எவ்வளவு ஆங்கிலம் தெரியும் என்று பார்ப்பதே இல்லை. இரண்டு விடயங்களைத்தான் பார்க்கிறது. வீட்டில் பிள்ளையோ பெற்றோரோ ஆங்கிலமல்லாத மொழி பேசுகிறார்களா? பெற்றோரில் ஒருவராவது ஒன்பதாம் ஆண்டுடனோ அதற்கு முன்னரோ படிப்பை நிறுத்தியவரா? இரண்டுக்கும் "ஆம்" என்றால்தான் அந்தப் பிள்ளை கணக்கில் வரும்.

இதன் விளைவைப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் ஏ/எல் முடித்த தாயும் தகப்பனும் போன மாதம் வந்திறங்குகிறார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு "குட் மோர்னிங்" தாண்டி ஒன்றும் வராது. மத்திய அரசின் கணக்கில் அந்தப் பிள்ளைக்கு ஆங்கிலக் குறைபாடு கிடையாது. பக்கத்து வீட்டில் இங்கேயே பிறந்து, கார்ட்டூன் பார்த்தே வளர்ந்து, தமிழைவிட ஆங்கிலம் நன்றாகக் கதைக்கும் பிள்ளை. தகப்பன் போர்க்காலத்தில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவர், வீட்டில் தமிழ். அந்தப் பிள்ளைக்குக் குறைந்த தேர்ச்சித் தொகை உண்டு. பெற்றோரின் படிப்பு குறைந்த வீட்டுப் பிள்ளைக்கு உதவி தேவைப்படும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதற்கு வேறு தொகை ஏற்கனவே இருக்கிறது. ஆங்கிலத்தின் பெயரில் ஒதுக்கும் பணத்துக்கு ஆங்கிலத்தை அளந்து பார்க்காமல் விடுவது விசித்திரம்தான்.

ஏ/எல், பட்டம் என்று படித்த பெற்றோரின் பிள்ளைகளுக்கு ஒன்றுமே இல்லையா?

இருக்கிறது, மாநிலத்திடம். மத்திய அரசு கொடுக்கும் பணத்தை எந்தப் பாடசாலைக்கு எவ்வளவு என்று பங்கிடுவது மாநிலத்தின் வேலை. அதற்கு மாநிலங்கள் தங்களுடைய சொந்த அளவுகோலை வைத்திருக்கின்றன.

நியூ சவுத் வேல்ஸில் ஆசிரியர்கள் ஒவ்வொரு பிள்ளையின் ஆங்கிலத்தையும் நேரடியாக மதிப்பிட்டு நான்கு படிகளில் ஒன்றில் வைப்பார்கள்: தொடக்கம், துளிர்ப்பு, வளர்ச்சி, உறுதிப்படல் என்று தமிழில் சொல்லலாம். எத்தனை பிள்ளைகள் எந்தப் படியில் என்பதை வைத்துப் பாடசாலைக்கு ஒதுக்கீடு. விக்ரோரியாவில் வீட்டில் ஆங்கிலமல்லாத மொழி பேசி, அவுஸ்திரேலியப் பாடசாலையில் சேர்ந்து ஐந்து ஆண்டுக்குள் இருக்கும் பிள்ளைகள் கணக்கில் வருவார்கள். எத்தனை ஆண்டு ஆயிற்று, பாடசாலையின் குடும்பங்கள் எத்தகைய தொழில் செய்பவர்கள் என்பதைப் பொறுத்துத் தொகை கூடும், குறையும். ஆனால் அங்கே ஒரு குறைந்தபட்ச எல்லை உண்டு. பாடசாலையில் இத்தகைய பிள்ளைகள் ஒன்றிரண்டு பேர் மட்டும் இருந்தால் மொத்தத் தொகை அந்த எல்லையை எட்டாமல் போகலாம். "நல்ல பேட்டை" என்று தேடிப்போய், தமிழ்ப் பிள்ளை ஒன்றுகூட இல்லாத பாடசாலையில் சேர்ப்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

படிவத்தில் வீட்டு மொழி "ஆங்கிலம்" என்று எழுதினால் பிள்ளைக்கு நல்லதல்லவா?

போன தவணை ஓர் அண்ணன் சமையலறை மேசையில் படிவத்தை விரித்து வைத்துக்கொண்டு, "வீட்டில் பேசும் முதன்மை மொழி" என்ற இடத்தில் பெரிய எழுத்தில் ஆங்கிலம் என்று எழுதினார். அடுத்த அறையில் பிள்ளை அம்மாவோடு தமிழில் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. கேட்டால், "தமிழ் என்று போட்டால் மக்கு வகுப்பில் இருத்திவிடுவாங்கள் தங்கச்சி" என்றார்.

அப்படி ஒரு வகுப்பு இல்லை. ஆனால் அந்த ஒரு சொல்லால் பாடசாலைக்கு வரவேண்டிய பணம் வராமல் போகும். கன்பராவின் கணக்கும் மாநிலத்தின் கணக்கும் அந்தப் பெட்டியில்தான் தொடங்குகின்றன. அங்கே ஆங்கிலம் என்று இருந்தால் பிறகு ஆசிரியர் எவ்வளவு கவலைப்பட்டாலும் பிள்ளை பட்டியலில் ஏறுவது சிரமம்.

படிவத்தில் இன்னும் இரண்டு இடங்களைக் கவனியுங்கள். முதலாவது, பெற்றோர் பாடசாலையில் எந்த ஆண்டுவரை படித்தார்கள் என்ற கேள்வி. வெட்கத்தில் பலர் கூட்டிப் போடுகிறார்கள். எட்டாம் வகுப்பென்றால் எட்டாம் வகுப்புதான். அதைப் பார்த்து உங்களை யாரும் எடை போடப் போவதில்லை, அந்த உண்மைதான் பணமாக மாறுகிறது. இரண்டாவது, தொழில் வகை. கடந்த 12 மாதம் சம்பள வேலை எதுவும் செய்யாதவர் ஊரில் பார்த்த பழைய உத்தியோகத்தை எழுதக் கூடாது. வேலை இல்லை என்பதற்குத் தனிக் குறியீடு இருக்கிறது, அதைப் போடுங்கள். ஊரில் அதிபராக இருந்தவர் இங்கே ஒரு வருடமாக வேலை தேடிக்கொண்டிருந்தால், படிவத்தைப் பொறுத்தவரை வேலை இல்லாதவர்.

ஏற்கனவே பிழையாக எழுதிக் கொடுத்துவிட்டீர்களா? பாடசாலை அலுவலகத்தில் சொன்னால் திருத்துவார்கள். மத்திய அரசின் பாடசாலைக் கணக்கெடுப்பு ஆகஸ்டில் நடக்கிறது, அதற்கு முன் திருத்துவது நல்லது.

விக்ரோரியாவின் "இங்கிலிஷ் லாங்குவிஜ் ஸ்கூல்" என்பது என்ன?

புதிதாக வந்த பிள்ளைகளுக்கு மட்டுமான அரச பாடசாலை. நோபிள் பார்க், பிளாக்பேர்ண், கொலிங்வூட் ஆகிய இடங்களில் உண்டு. மேற்குப் பக்கத்துக்கு வெஸ்டர்ன் இங்கிலிஷ் லாங்குவிஜ் ஸ்கூல். பிள்ளை வழக்கமான பாடசாலைக்குப் போவதற்கு முன் இங்கே ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை படிக்கலாம். சிறிய வகுப்பு, இதற்கென்றே பயிற்சி பெற்ற ஆசிரியர்கள். கணிதமும் விஞ்ஞானமும் நடக்கும், ஆனால் எல்லாவற்றுக்கும் ஊடாக ஆங்கிலம்தான் கற்பிக்கப்படும்.

நேரம் முக்கியம். பொதுவாக நாட்டுக்கு வந்து ஆறு மாதத்துக்குள் சேர வேண்டும், பிரெப் (பாடசாலையின் முதலாவது ஆண்டு) வயதுப் பிள்ளைகளுக்கு 18 மாதம்வரை தவணை உண்டு. "முதலில் பக்கத்துப் பாடசாலையில் போட்டுப் பார்ப்போம்" என்று ஒரு வருடம் கழித்துக் கேட்டால் வாசல் மூடியிருக்கும். தூரம் என்றால் சிறிய பிள்ளைகளுக்குப் போக்குவரத்து உதவி கிடைக்குமா என்று கேளுங்கள். அருகில் நிலையமே இல்லாத ஊர்களுக்கு இணையவழி வகுப்பும் திணைக்களத்தில் இருக்கிறது.

சிட்னியில்?

இடைநிலைப் பிள்ளைகளுக்கு இன்டென்சிவ் இங்கிலிஷ் சென்ரர்கள் உண்டு. பெரும்பாலும் ஓர் உயர்நிலைப் பாடசாலை வளாகத்துக்குள்ளேயே இருக்கும். ஹொல்ரொய்ட், செஸ்டர் ஹில், கப்ரமட்டா ஆகியவை தெரிந்தவை. வென்ட்வேர்த்வில் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஹொல்ரொய்ட் கிட்ட. வழக்கமாக மூன்று தவணை, அகதிப் பின்னணியில் படிப்புத் தடைப்பட்டவர்களுக்கு நான்கு. ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கு அப்படித் தனி நிலையம் கிடையாது, சேர்ந்த பாடசாலையிலேயே ஆசிரியர் உதவி வரும். தற்காலிக வீசாக்காரர்கள் பலரிடம் நியூ சவுத் வேல்ஸ் கல்விக் கட்டணம் வாங்குகிறது என்பதையும் பதிவுக்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இதனால் ஒரு வருடம் வீணாகிவிடாதா?

வீணாகாது. அந்த வருடத்தை வழக்கமான வகுப்பின் பின்வரிசையில் ஒன்றும் விளங்காமல் இருந்து கழித்தால்தான் வீண். நிலையத்திலிருந்து வெளியேறும் பிள்ளை பெரும்பாலும் தன் வயதுக்குரிய வகுப்பிலேயே போய்ச் சேரும்.

அகதியாக வந்தவர்களுக்குத் தனிச் சலுகை உண்டா?

இடம்பெயர்வாலோ முகாம் வாழ்க்கையாலோ வருடக்கணக்கில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளுக்குத் தீவிரப் பயிற்சியில் கூடுதல் காலம் கிடைக்கும். விக்ரோரியாவின் ஆங்கிலப் பாடத்திட்டத்தில் எழுத்தறிவே புதிதாகத் தொடங்க வேண்டிய பெரிய பிள்ளைகளுக்கென்று தனிப்படி இருக்கிறது. பதினான்கு வயதில் பேனை பிடிக்கத் தொடங்குபவரை ஐந்து வயதுப் பிள்ளையின் புத்தகத்தோடு இருத்தாமல் இருப்பதற்கு.

பிள்ளை எத்தனை வருடம், எந்த மொழியில், எங்கே படித்தது என்பதைப் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். சான்றிதழ் இல்லை என்றால் இல்லை என்று சொல்லலாம். இரவில் அலறி எழுவது, சத்தம் கேட்டால் ஒடுங்குவது போன்றவை இருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். மெல்பேர்ணில் பவுண்டேஷன் ஹவுஸ், சிட்னியில் ஸ்ரார்ட்ஸ் ஆகிய அமைப்புகள் போரையும் சித்திரவதையையும் கண்டவர்களுக்கென்றே 1980-களிலிருந்து இயங்குகின்றன. மொழி ஏறாததற்கு மொழி மட்டும் காரணமாக இருக்காது.

நாங்கள் பிரிட்ஜிங் வீசாவில் இருக்கிறோம். பிள்ளை படிக்கலாமா?

பிரிட்ஜிங் வீசா என்பது விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை தரும் தற்காலிக வீசா. அதில் இருந்தாலும் பாடசாலை வயதுப் பிள்ளை படிக்கலாம். விக்ரோரியாவில் அடைக்கலம் கோருவோரின் பிள்ளைகளிடம் அரச பாடசாலைகள் வெளிநாட்டு மாணவர் கட்டணம் வாங்குவதில்லை. பிரச்சினை 18 தாண்டியவர்களுக்குத்தான், அது கீழே.

மகன் ஆங்கிலத்தில் பொழிந்து தள்ளுகிறான். இன்னும் எதற்கு ஈ.ஏ.எல். வகுப்பு?

ஈ.ஏ.எல். என்பது வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகளுக்கான ஆங்கில வகுப்பு. மைதானத்தில் கதைக்கிற ஆங்கிலமும் விஞ்ஞானப் பரீட்சையில் எழுதுகிற ஆங்கிலமும் ஒரே வேகத்தில் வருவதில்லை. கனடாவைச் சேர்ந்த கல்வியாளர் ஜிம் கமின்ஸ் இந்த வித்தியாசத்தை 1979-லேயே பிரித்துக் காட்டினார். அன்றாடப் பேச்சு இரண்டு வருடத்தில் வந்துவிடும், பாடப்புத்தக மொழியில் சக மாணவர்களை எட்டிப் பிடிக்க ஐந்து முதல் ஏழு வருடம் எடுக்கும். மகனிடம் எட்டாம் ஆண்டுப் புவியியல் புத்தகத்தில் ஒரு பந்தியை வாசித்துவிட்டு அதைத் தன் சொந்த வசனத்தில் நான்கு வரி எழுதச் சொல்லுங்கள். பொழிகிறவன் எங்கே நிற்கிறான் என்று தெரியும். இரண்டாம் வருடத்தில் பெற்றோர் கேட்டு உதவியை நிறுத்துவதுதான் நான் அடிக்கடி காணும் வருத்தமான சங்கதி.

ஈ.ஏ.எல். எடுத்தால் பல்கலைக்கழகம் போக முடியாது என்கிறார்களே?

புரளி. விக்ரோரியாவின் பன்னிரண்டாம் ஆண்டுச் சான்றிதழான வி.சி.ஈ.யில் ஈ.ஏ.எல். ஆங்கிலமாகவே கணக்கிடப்படும். பல்கலைக்கழகங்கள் வழக்கமாக ஆங்கிலத்தில் 25 புள்ளி கேட்கும் இடத்தில் ஈ.ஏ.எல்.லில் 30 கேட்கும், அவ்வளவுதான் வித்தியாசம். நியூ சவுத் வேல்ஸின் பன்னிரண்டாம் ஆண்டுச் சான்றிதழான எச்.எஸ்.சி.யிலும் இதற்கு இணையான பாடம் உண்டு.

ஆனால் எல்லோருக்கும் திறந்ததல்ல. வி.சி.ஈ.க்கு, ஆங்கிலம் பேசும் நாட்டில் வாழ்ந்த காலமும் ஆங்கில மொழிமூலம் படித்த காலமும் ஏழு ஆண்டுக்கு மேற்படக் கூடாது. எச்.எஸ்.சி.க்கு ஆங்கில மொழிமூலக் கல்வி ஐந்து ஆண்டு. கொழும்பில் சர்வதேசப் பாடசாலையிலோ சென்னையில் ஆங்கில மீடியத்திலோ சின்ன வகுப்பிலிருந்து படித்த பிள்ளை, வீட்டில் தமிழே பேசினாலும், இதற்குள் வராது.

நாப்லான் பரீட்சை எழுதியே ஆக வேண்டுமா?

நாப்லான் என்பது நாடு முழுவதும் நடக்கும் எழுத்தறிவு, எண்ணறிவுப் பரீட்சை. வெளிநாட்டிலிருந்து வந்து ஒரு வருடம் ஆகாத, வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைக்கு விலக்குக் கேட்கலாம். முடிவு பெற்றோருடையது.

இந்தக் காசைப் பாடசாலை வேறு எதற்காவது செலவழிக்கலாமா?

இங்கேதான் மேலே சொன்ன "வேண்டும்" வருகிறது. மத்திய அரசின் பணம் ஒரே மொத்தமாக மாநிலத்துக்கும் தனியார் பாடசாலை நிர்வாகத்துக்கும் போகிறது. குறைந்த ஆங்கிலத் தேர்ச்சிக்கென்று கணக்கிட்ட 1,357 டொலரை அந்தப் பிள்ளையின் ஆங்கிலத்துக்கே செலவழிக்க வேண்டும் என்று மத்திய சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. மாநிலம் பங்கிட்டுக் கொடுத்த பின்னும், பாடசாலைக்குள் எப்படிச் செலவிடுவது என்பதில் அதிபருக்கு நிறைய இடம் இருக்கிறது. நல்ல அதிபர் முழுநேர ஈ.ஏ.எல். ஆசிரியரை வைத்திருப்பார். இன்னொரு இடத்தில் அந்த ஆசிரியரே வராத ஆசிரியருக்குப் பதிலாக வகுப்பெடுத்துக்கொண்டிருப்பார்.

அதனால் கேளுங்கள். சண்டைக்குப் போகத் தேவையில்லை, பெற்றோர் ஆசிரியர் சந்திப்பில் கேட்டாலே போதும். என் பிள்ளை ஈ.ஏ.எல். பட்டியலில் இருக்கிறதா? எந்தப் படியில்? வாரத்தில் எத்தனை மணித்தியாலம், வகுப்புக்குள்ளா வெளியிலா, யார் எடுக்கிறார்கள்? அவர் இதற்குப் பயிற்சி பெற்றவரா? தமிழ் பேசும் உதவியாளர் இருக்கிறாரா? விக்ரோரியாவில் ஈ.ஏ.எல். பிள்ளைக்குப் பொது ஆங்கிலத் தேர்ச்சி அறிக்கைக்குப் பதிலாக அதற்குரிய தனி அறிக்கை தரலாம், அதில் இடைநிலையில் சி1, சி2 என்று படி குறிப்பிட்டிருக்கும். அந்த அறிக்கையை நீங்கள் கண்டதே இல்லையென்றால் முதல் கேள்வியை அங்கிருந்து தொடங்குங்கள். எங்கள் சனம் "ரீச்சருக்குத் தெரியாததா" என்று வாய் திறக்காமல் வந்துவிடுவது வழக்கம். அது மரியாதைதான். ஆனால் இங்கே கேட்காத பெற்றோரை அக்கறையில்லாதவர் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

ரியூசன் காசைத் திரும்பப் பெறலாமா?

முடியாது. தனியார் ரியூசன் உங்கள் செலவு. பாடசாலை முடிந்தபின் நூலகங்களிலும் சமூக நிலையங்களிலும் இலவச வீட்டுப்பாட உதவி வகுப்புகள் நடக்கின்றன, முதலில் அங்கே போய்ப் பாருங்கள்.

பெற்றோர் எங்களுக்கு ஆங்கிலம் படிக்க உதவி உண்டா?

உண்டு. ஏ.எம்.ஈ.பி. என்ற வயதுவந்தோர் ஆங்கிலத் திட்டம் 1948-லிருந்து நடக்கிறது. முன்பு ஓர் ஆளுக்கு 510 மணித்தியாலம் என்று எல்லை இருந்தது. 2021 ஏப்ரல் முதல் அந்த எல்லை இல்லை; வேலைக்குப் போதுமான ஆங்கிலம் வரும்வரை படிக்கலாம். நிரந்தர வீசாக்காரர்களுக்கும் மனிதாபிமான வீசாவில் வந்தவர்களுக்கும் கட்டணம் கிடையாது. திறன் வீசாவில் கணவனோடு வந்த மனைவிமார் சிலர் ஆங்கிலத் தேர்ச்சி காட்டாததற்காக வீசாவின்போதே 4,000 டொலருக்கு மேல் இரண்டாம் தவணையாகக் கட்டியிருப்பார்கள். கட்டிவிட்டு வகுப்புக்குப் போகாமல் இருப்பவர்களைக் கண்டால் எனக்கு வயிறு எரியும். பாடசாலை வயதாகாத குழந்தை இருந்தால் வகுப்பு நேரத்தில் குழந்தைப் பராமரிப்பும் இலவசம், அதனால் கைக்குழந்தையைச் சாட்டாகச் சொல்ல வேண்டாம்.

2020 ஒக்டோபர் 1-க்குப் பிறகு வந்தவர்களுக்குக் காலக்கெடு உண்டு: ஆறு மாதத்துக்குள் பதிவு, ஒரு வருடத்துக்குள் தொடக்கம், ஐந்து வருடத்துக்குள் முடிப்பு. அந்தத் திகதியில் இங்கே இருந்தவர்களுக்கு அந்தக் கெடு இல்லை. 2023-ல் தற்காலிகப் பாதுகாப்பு வீசாவிலிருந்து 851 என்ற நிரந்தர வீசாவுக்கு மாறிய எங்கள் ஆட்கள் பலர், பத்து வருடமாக இறைச்சித் தொழிற்சாலையிலும் பண்ணையிலும் வேலை செய்தவர்கள், "எங்களுக்கு வயது போயிட்டுது" என்கிறார்கள். வயதெல்லை கிடையாது. மாலை வகுப்பும் இணைய வகுப்பும் இருக்கின்றன.

விண்ணப்பம் மறுக்கப்பட்டு இன்னும் பிரிட்ஜிங் வீசாவில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் ஏ.எம்.ஈ.பி. இல்லை. இது வெட்கக்கேடான ஓட்டை, பூசி மெழுக எனக்கு விருப்பமில்லை. விக்ரோரியாவில் அடைக்கலம் கோருவோருக்கென்று மாநில அரசு மானியப் பயிற்சி வழி ஒன்றைத் திறந்து வைத்திருக்கிறது. புட்ஸ்கிரேயில் அடைக்கலம் கோருவோர் வள நிலையம் ஆங்கில வகுப்புகள் நடத்துகிறது.

வீட்டில் பிள்ளையோடு ஆங்கிலம் கதைக்கத் தொடங்கட்டுமா?

வேண்டாம். உங்களுக்கு எந்த மொழியில் கதை சொல்லவும் ஏசவும் விளக்கவும் வருமோ அந்த மொழியில் கதையுங்கள். ஆங்கிலத்தைப் பாடசாலை பார்த்துக்கொள்ளும், அதற்குத்தான் இவ்வளவு காசும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகளுக்கும் மாநில அரசுகளின் உதவிப்பணம் கிடைக்கிறது. தமிழை வி.சி.ஈ.க்கும் எடுக்கலாம்.

எனக்கே ஆங்கிலம் வராது. இதையெல்லாம் பாடசாலையில் எப்படிக் கேட்பது?

தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சந்திப்புக்கு இரண்டு மூன்று நாள் முன்னதாகவே அலுவலகத்தில் சொல்லுங்கள். செலவு உங்களுடையதல்ல. தொலைபேசியில் என்றால் அரசின் மொழிபெயர்ப்புச் சேவையான 131 450-க்கு அழைத்து, மொழி "டமில்" என்று சொன்னால் இணைப்பார்கள். பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தன்னைப் பற்றி ரீச்சர் சொன்ன முறைப்பாட்டை எந்தப் பிள்ளையும் முழுதாக மொழிபெயர்ப்பதில்லை.